தாலி கட்டாத ஜோடி: குழந்தைக்கு யார் இன்ஷியல்?

புதுக்கோட்டை,

ஒரே ஒரு எழுத்து. பக்கத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான் இன்ஷியல். அந்த எழுத்து அப்பாவுடையதா, அம்மாவுடையதா என்பதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் உண்டு.

அப்பாவும் அம்மாவும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்றால் சண்டை இன்னும் சூடு பிடிக்கிறது. "என் ரத்தம். என் எழுத்துதான் போடணும்" என்கிறார் அவர். "பத்து மாசம் சுமந்தது நான். பேரு மட்டும் உங்களுதா?" என்கிறார் இவர். நடுவில் ஒன்றும் புரியாமல் பிள்ளை நிற்கிறது.

இந்தச் சண்டையில் சட்டம் யார் பக்கம்? கோர்ட்டுகள் என்ன தீர்ப்புக் கூறியிருக்கின்றன? அந்த எழுத்தால் பிள்ளைக்கு உண்மையில் என்ன லாபம்? விவரம் வருமாறு:-

ஒரு பேச்சுக்கு

ஒரு பேச்சுக்கு இப்படி ஒரு ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூரில் வேலை. அவளுக்குக் கீரனூர்ப் பக்கம். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். காதல். இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை. தாலி இல்லை, மாலை இல்லை, ரிஜிஸ்தர் ஆபீசும் இல்லை. புதுக்கோட்டையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து வாழ்ந்தார்கள். ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் மட்டும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்துவிட்டது. ஊருக்கு வந்த அவர் கேட்கிறார்:

"அப்பன் பேரு இல்லாம பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க? என் எழுத்தை மாத்திப் போடு."

அவள் பதில் சொல்கிறாள்: "வருஷத்துக்கு ஒரு தடவை வர்றீங்க. உங்க எழுத்தைப் போட்டா, பாங்கு, பாஸ்போர்ட்டுன்னு ஒவ்வொரு காகிதத்துக்கும் உங்க கையெழுத்தைத் தேடி நான் எங்கேங்க ஓடுறது?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கு, தன் பிள்ளை வாழ்க்கையிலிருந்து தன்னை அழித்துவிடுவார்களோ என்ற பயம். அவளுக்கு, நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு பயமும் சேர்ந்து ஒரு எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அங்கே குடும்பப் பெயர்

வடநாட்டிலும் வெளிநாட்டிலும் பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் வரும். தாத்தா, அப்பா, பேரன் எல்லோருக்கும் அதே பெயர். நம் ஊரில் அப்படி இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையின் பெயரிலிருந்து அடுத்த எழுத்து, அவன் பிள்ளைக்கு. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறும்.

அதனால்தான் நம் ஊரில் "இன்ஷியல் என்ன?" என்று கேட்டால், "உன் அப்பா யார்?" என்று கேட்பதாக அர்த்தம். அதைச் சொல்ல முடியாத பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வியின் வலி தெரியும்.

கல்யாணம் ஆகவில்லையா? நிச்சயமாகத் தெரியுமா?

இன்ஷியல் சண்டைக்கு முன்னால் ஜோடிகள் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. "நமக்குக் கல்யாணம் ஆகவில்லை" என்று நினைக்கும் சிலருக்கு, சட்டப்படி கல்யாணம் ஆகியிருக்கலாம்!

ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம் என்று சுயமரியாதைத் திருமணங்கள் 1928-ம் ஆண்டு முதல் இங்கே நடந்துவந்தன. 1953-ம் ஆண்டு நகரத்தார் குடும்ப வழக்கு ஒன்றில், இப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஊரைக் கூட்டி மாலை மாற்றி வாழ்ந்த ஜோடிகள் பலர், சட்டத்தின் கண்ணில் ஒரே நாளில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆனார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் நிலையும் கேள்விக்குறி ஆனது.

அண்ணா முதல்-மந்திரியாக இருந்தபோது, 1967-ம் ஆண்டு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலும், மோதிரம் மாற்றினாலும், தாலி கட்டினாலும் அது திருமணம்தான். அதற்கு முன்னால் அப்படி நடந்த திருமணங்களும் செல்லும் என்று சட்டம் சொல்லிவிட்டது.

2023 ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. 7-ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்கு ஊரறியச் சடங்கோ பகிரங்க அறிவிப்போ தேவை இல்லை என்று கூறியது.

சடங்கே நடக்காவிட்டாலும், ஆணும் பெண்ணும் பல காலம் கணவன்-மனைவியாகவே வாழ்ந்திருந்தால், திருமணம் ஆனதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று 1992-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சொத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இல்லை என்று மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

ஆகவே வக்கீலிடம் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, இல்லையா?" என்பதுதான். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

அம்மா முதலில், அப்பா பிறகு

சரி, எந்த வழியில் பார்த்தாலும் கல்யாணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பிள்ளைக்கு யார் பொறுப்பு?

1956-ம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் 6-வது பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. கல்யாணமான தம்பதியின் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் தகப்பனார். அவருக்குப் பிறகு தாய். கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பிறந்த பிள்ளை என்றால் வரிசை தலைகீழ். தாய்தான் முதல். அவருக்குப் பிறகுதான் தகப்பனார்.

தாய்க்கு முதல் இடம் கொடுத்ததில் பெருந்தன்மை எதுவும் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. அப்பன் கைவிட்ட பிள்ளையைத் தாய் தலையில் கட்டிவிட்ட பழைய வழக்கத்தைத்தான் சட்டம் எழுதி வைத்தது என்பது அவர்கள் வாதம். எப்படி இருந்தாலும் இன்றைக்கு இந்தப் பிரிவு அந்தத் தாய்க்குத் துணை.

கல்யாணமான தாய்க்கே இந்த உரிமை லேசில் கிடைத்துவிடவில்லை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து கேட்டது வங்கி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. "தகப்பனாருக்குப் பிறகு" என்றால் அவர் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை. அவர் பிள்ளையைக் கவனிக்காத நிலையிலும் தாய் காப்பாளர்தான் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது.

பெயர் சொல்ல மறுத்த தாய்

டெல்லியில் ஒரு கிறிஸ்தவப் பெண். படித்தவர், வேலையில் இருப்பவர். கல்யாணம் ஆகவில்லை. ஒரு மகன். தன் சேமிப்புக்கும் இன்சூரன்சுக்கும் மகனை வாரிசுதாரராக நியமிக்கப் போனார். "அப்பா பெயரைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள்தான் காப்பாளர் என்று கோர்ட்டு உத்தரவு கொண்டுவாருங்கள்" என்றார்கள்.

கோர்ட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி. அப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பெயர், விலாசம் கொடு என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். கீழ்க்கோர்ட்டு மனுவைத் தள்ளியது. டெல்லி ஐகோர்ட்டும் தள்ளியது.

2015-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்காத தகப்பனின் உரிமையைவிடப் பிள்ளையின் நலன்தான் பெரிது என்றது. கல்யாணம் ஆகாத தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வந்தால், பிரமாணப் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நமக்குப் பக்கத்திலும் ஒரு வழக்கு நடந்தது. திருச்சியில், கணவரைப் பிரிந்த ஒரு பெண் செயற்கை முறையில் கருத்தரித்துக் குழந்தை பெற்றார். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் என்ற இடத்தில் சம்பந்தம் இல்லாத ஒருவர் பெயர் ஏறிவிட்டது. அதை நீக்கச் சொல்லி அவர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போனார். 2018-ம் ஆண்டு, தகப்பனார் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சான்றிதழ் கொடுக்கும்படி உத்தரவு கிடைத்தது. புதுக்கோட்டை மாவட்டமும் அதே மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆபீஸ்களிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட்டு விதி மாறியது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2018 டிசம்பரில் பான் கார்டு விதி மாறியது. தாய் மட்டும் வளர்த்த பிள்ளை என்றால் தகப்பனார் பெயர் கட்டாயம் இல்லை. 2023-ம் ஆண்டு பிறப்பு-இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டபோது, கல்யாணம் ஆகாத தாய் தன் குழந்தையின் பிறப்பைத் தானே தெரிவிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது.

ஆனால் அப்பா வந்து நின்றால்?

இதுவரை சொன்னது அப்பா இல்லாத, அல்லது வராத வழக்குகள். நம் அறந்தாங்கிக்காரர் அப்படி அல்ல. "நான்தான் அப்பா, என் பெயரைப் போடு" என்று வந்து நிற்கிறார். அப்போது?

வெள்ளைக்காரன் காலத்து 1886-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. கல்யாணம் ஆகாதவர்களின் குழந்தைக்குத் தகப்பனார் என்று யார் பெயரையும் பதிவாளர் தன் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. தாயும், "நான்தான் தகப்பன்" என்று ஒப்புக்கொள்கிற ஆணும் சேர்ந்து கேட்டால்தான் எழுதலாம். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனியாக அவனும் முடியாது, தனியாக அவளும் முடியாது. ஒருவரை ஒருவர் மாட்டிவிடாமல் இருக்க அன்றைக்கே கண்டுபிடித்த வழி அது.

இன்றைக்கு இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட்டுதான் வழி. கோர்ட்டு என்ன பார்க்கும்? 2023-ம் ஆண்டு கேரள ஐகோர்ட்டில் வந்த வழக்கு ஒரு நல்ல உதாரணம். அவர்கள் கல்யாணமாகிப் பிரிந்தவர்கள்தான். ஆனாலும் சண்டை இதே சண்டை.

பெண் குழந்தை. பிறப்புச் சான்றிதழில் பெயரே எழுதவில்லை. பெயர் இல்லாத சான்றிதழைப் பள்ளிக்கூடம் ஏற்கவில்லை. தாய் ஒரு பெயரைச் சொல்லிப் பதிவாளரிடம் போனார். "இருவரும் வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்றார் பதிவாளர். தகப்பனோ வேறு ஒரு பெயர்தான் வேண்டும் என்றார். ஆண்டுகள் ஓடின. பிள்ளைக்குப் பெயர் இல்லை.

கடைசியில் கோர்ட்டே பெயர் வைத்தது! குழந்தை யாரிடம் வளர்கிறது என்று பார்த்தார் நீதிபதி. தாயிடம். எனவே தாய் சொன்ன பெயரையே வைத்தார். ஆனால் அதோடு தகப்பன் பெயரையும் சேர்த்துவிட்டார். அம்மா வைத்த பெயர், அப்பா எழுத்து. பெற்றவர்கள் சண்டை முடியும்வரை பிள்ளை பெயர் இல்லாமல் காத்திருக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

2024 டிசம்பரில் மைசூர் மாவட்டம் ஹுன்சூரிலும் இதே கூத்து. பிள்ளைக்கு என்ன பெயர் என்பதில் புருஷன்-பெண்டாட்டி தகராறு விவாகரத்து வரை போய்விட்டது. மூன்று வருஷம். நீதிபதி புதிதாக ஒரு பெயரைச் சொன்னார். இருவரும் சம்மதித்தார்கள். கோர்ட்டிலேயே மாலை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

2021-ம் ஆண்டு டெல்லியில் ஒரு தகப்பனுக்குச் சூடு கிடைத்தது. மகளுடைய ஆவணங்களில் தன் பெயரையே போட வேண்டும் என்று வழக்குப் போட்டார். மகள் தகப்பனுடைய சொத்து அல்ல என்று சொல்லி ஐகோர்ட்டு மனுவை ஏற்க மறுத்துவிட்டது.

அப்பா பெயர் கேட்ட மகன்

அப்படியானால் அப்பா பெயரே வேண்டாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. அதற்காகவே வாழ்நாளில் பல ஆண்டுகளைக் கொடுத்த பிள்ளையும் உண்டு.

உத்தரப்பிரதேசத்திலும் உத்தரகாண்டிலும் முதல்-மந்திரியாக இருந்தவர் என்.டி.திவாரி. அவர்தான் தன் அப்பா என்று ரோகித் சேகர் என்ற இளைஞர் 2008-ம் ஆண்டு டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். திவாரி மறுத்தார். ரத்தம் கொடுக்கவும் மறுத்தார். சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2012-ல் ரத்தப் பரிசோதனை நடந்தது. திவாரிதான் அப்பா என்று முடிவு வந்தது. 2014-ல் மகனை ஏற்றுக்கொண்ட திவாரி, அதே ஆண்டு தன் 88-வது வயதில் அந்தத் தாயை முறைப்படி மணந்துகொண்டார்.

அந்த மகன் கேட்டது தன் பிறப்பைப் பற்றிய உண்மை. தகப்பன் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் இருக்கும். எனவே, எழுத்தை அம்மாவுடையதாக வைத்தாலும் அப்பா யார் என்பதைப் பிள்ளையிடம் மறைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

எம்.எஸ். என்றால் யார் எழுத்து?

"அம்மா இன்ஷியலா? கேள்விப்பட்டதே இல்லையே!" என்பார் டீக்கடைப் பெஞ்சுக்காரர். அவர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். விடிகாலை ரேடியோவைத் திருப்பினால் ஒலிக்கும் அந்தக் குரலின் சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கிறது.

எம்.எஸ்.சுப்புலட்சுமி. "எம்" என்றால் மதுரை. "எஸ்" என்றால் சண்முகவடிவு. வீணை வாசித்த அவருடைய அம்மா! எம்.எல்.வசந்தகுமாரி? "எம்" என்றால் மெட்ராஸ். "எல்" என்றால் லலிதாங்கி. அவரும் அம்மாதான், அவரும் பாடகிதான். எம்.எஸ்.சுக்கு 1998-ல் பாரத ரத்னா கிடைத்தபோது, சண்முகவடிவின் எழுத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை கிடைத்தது.

இசைவேளாளர் குடும்பங்களில் தாய்வழி எழுத்து புதிது அல்ல. ஊர் அதை ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்த்தது. அதே ஊர் பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

உபநிடதத்திலும் ஒரு கதை உண்டு. சத்தியகாமன் என்ற சிறுவன் குருவிடம் படிக்கப் போனான். "உன் கோத்திரம் என்ன?" என்று கேட்டார் குரு. "அம்மாவுக்கே தெரியவில்லை. அம்மா பெயர் ஜாபாலா. நான் ஜாபாலாவின் பிள்ளை" என்றான் அவன். உண்மையைச் சொன்னதற்காகவே குரு அவனைச் சேர்த்துக்கொண்டார். சத்தியகாம ஜாபாலன் என்றே அவன் பெயர் நிலைத்தது. அம்மா இன்ஷியலுக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

நம் ஊர்ப் பெண்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு வெளியூர்க் கதை எதற்கு? நம் ஊரிலேயே ஒருவர் இருந்தார்.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், இசைவேளாளர் குலத்தவர். இவர்கள் சேர்ந்து வாழ்ந்ததை அன்றைய ஊர் ஏற்கவில்லை. ஐயரின் உறவினர்கள் அவரை ஒதுக்கினார்கள்.

அந்தப் பெண் வளர்ந்து மகாராஜா கல்லூரியில் சேர மனுப் போட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆண்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்றார்கள். தாயின் குலத்தையும் இழுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டர் ஆனார். சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். 1947-ல் அதற்குச் சட்டம் வந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சியில் உருவானதுதான்.

தமிழ்நாடு அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் அந்தக் குழந்தையின் தாய் யார் என்று நோண்டியதோ, அதே ஊரில் பிள்ளை பெறும் தாய்மார்கள் அந்தக் குழந்தையின் பெயரைச் சொல்லி உதவி வாங்குகிறார்கள்!

சொத்து வருமா? பணம் வருமா?

இன்ஷியல் சண்டைக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் பணம். "அப்பா எழுத்து போட்டால் சொத்து வரும்" என்று அம்மா வீட்டார் நினைப்பார்கள். "என் எழுத்து போடாவிட்டால் நான் ஏன் செலவுக்குக் கொடுக்கணும்?" என்று அப்பா நினைப்பார். இரண்டும் தப்பு.

செலவுக்குப் பணம்: பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், தன் பிள்ளைக்குத் தகப்பன் ஜீவனாம்சம் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் இருந்தது இது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதுச் சட்டத்தில் 144-வது பிரிவு. பிள்ளைக்கு எந்த எழுத்து என்று அந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

சொத்து: 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கல்யாணமே இல்லாமல் பிறந்த பிள்ளை தாய்க்குத் தானாகவே வாரிசு. தகப்பனுக்கு அப்படி அல்ல. கல்யாணம் நடந்து அது செல்லாமல் போயிருந்தால் நிலை வேறு. அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொத்தில் பங்கு உண்டு. 2023 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. ஆனால் எந்த நிலையிலும் ஒரு எழுத்து மட்டும் சொத்தைக் கொண்டுவராது. பிள்ளைக்குச் சொத்து சேர வேண்டும் என்று அப்பா நிஜமாகவே ஆசைப்பட்டால் உயில் எழுதி வைக்கட்டும். எழுத்தைவிட உயில் பலம்.

என்ன செய்யலாம்?

பிள்ளை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. ஆகவே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவசரப்பட்டுச் சண்டை போட வேண்டியதில்லை.

எந்த எழுத்தைப் போட்டாலும் எல்லாக் காகிதத்திலும் அதையே போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் பிள்ளைதான் பின்னால் ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டும். மாற்றுவது என்றால் அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம். ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் அச்சாகி வருவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

இருவருக்கும் விட்டுக்கொடுக்க மனம் இருந்தால், இரண்டு எழுத்தும் போடலாம். அம்மா எழுத்து ஒன்று, அப்பா எழுத்து ஒன்று. ஊர் எழுத்தும் அப்பா எழுத்துமாக இரண்டு போட்டுப் பழகிய நாடுதானே இது.

பேசித் தீரவில்லையா? வக்கீல் பீசுக்குப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

அந்த அறந்தாங்கிக்காரருக்கு ஒரு வார்த்தை: உங்கள் எழுத்து பிள்ளை பெயரில் இருந்தால்தான் நீங்கள் அப்பா என்பது இல்லை. காய்ச்சல் வந்த ராத்திரி யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், பள்ளிக்கூடப் பீசை யார் கட்டினார்கள் என்பதைப் பிள்ளை எழுதாமலேயே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

அந்தக் கீரனூர்ப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை: சட்டம் உங்களை முதலில் வைத்திருக்கிறது, தைரியமாக இருங்கள். அவர் நல்ல தகப்பனாக நடந்துகொண்டால், பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் சுவர் மட்டும் எழுப்பாதீர்கள்.

18 வயது ஆனதும் அந்தப் பிள்ளையே தன் எழுத்தை மாற்றிக்கொள்ள உரிமை உண்டு. அன்றைக்கு அவன் யார் எழுத்தை விரும்பி வைத்துக்கொள்வான் என்பது, இன்றைக்கு நீங்கள் இருவரும் நடந்துகொள்வதில்தான் இருக்கிறது.